ஆறு வருடத்தில் மூன்று மான்

போன மாதம் தங்காக்கில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெல்பர்னிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் அவர்களிடம் வசமாக மாட்டிக்கொண்டான். அங்கே அவன் மான் வேட்டைக்குப் போகிறான் என்ற செய்தி அவனுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது.

"எத்தனை மான்டா அடிச்சே?"

"மூணு மாமா."

"இந்த வருஷமா?"

"இல்ல மாமா. ஆறு வருஷத்துல."

சிரிப்பு அடங்க நேரமானது. மாமா ஒருவர், "அதுக்குக் கடையில கறி வாங்கியிருக்கலாம்" என்றார். சிரிக்காமல் இருந்தவர் பெரியப்பா மட்டும்தான்.

இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. 2019-இல் அவன் என்னை அழைத்து, "அண்ணே, ஒரு டவுட்டு. மான் வேட்டைக்கும் குறி சுடுறதுக்கும் சேர்த்து ஒரே ரைஃபிள் வாங்கணும். எந்தத் தோட்டா நல்லது?" என்று கேட்டான். வானொலியில் பேசுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் உறவினர்களுக்கு ஒரு நம்பிக்கை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு வாரம் தவணை வாங்கினேன். அந்த இரண்டு வாரத்தில் படித்ததும் கேட்டதும்தான் இது.

முதலில் மானைப் பற்றி. அவன் சுடப்போன மான் அந்நிய மிருகம் இல்லை. நம் லேடாங் மலைக்காட்டில் தாத்தா காலத்தில் திரிந்த அதே கடமான், மலாயில் ருசா. 1860-களில் இலங்கை, இந்தியப் பக்கங்களிலிருந்து கப்பலில் கொண்டுபோய் விக்டோரியா மாநிலத்துக் காட்டில் விட்டிருக்கிறார்கள். அங்கே அதைப் பிடித்துத் தின்னப் புலி இல்லை. பெருகிப் பெருகி, மலைச்சரிவையும் ஓடைக்கரையையும் மேய்ந்து அழிக்கும் தொல்லையாகிவிட்டது. 2019-இல் உரிமம் வைத்திருந்த வேட்டைக்காரர்கள் விக்டோரியாவில் சுட்ட மான்கள், எல்லா இனமும் சேர்த்து, 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் என்கிறது அங்கத்திய மதிப்பீடு.

இங்கே நிலைமை தலைகீழ். 2008-இலிருந்து கடமான் உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் கடமானையும் கேளையாட்டையும் சுட அனுமதி தருவதைப் பெர்ஹிலித்தான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. மலாயாப் புலிக்கு அவைதான் முக்கிய இரை; அந்தப் புலியோ தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவு. துப்பாக்கி விஷயத்தில் நம் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் சாகில் பக்கம் கிளம்ப வேண்டாம்.

இனி தோட்டா. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். .308 என்றால் குண்டின் விட்டம் 0.308 அங்குலம், அதாவது 7.8 மில்லிமீட்டர். எல்லாப் பெயரையும் இப்படி நம்பிவிடக் கூடாது. .270 என்ற தோட்டாவின் குண்டு உண்மையில் .277 அங்குலம். நம் வீட்டில் 'சின்னத்தம்பி' என்று கூப்பிடும் ஆள் ஆறடி உயரம் இருப்பாரே, அந்த மாதிரி.

நடுத்தரத் தோட்டா என்று அவன் கேட்டதில் ஐந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. .243, 6.5 கிரீட்மூர், .270, 7 மி.மீ.-08, .308. இவற்றில் மூன்று ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1952-இல் அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் .308-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே கூட்டின் கழுத்தை ஒடுக்கி 1955-இல் .243 வந்தது, 1980-இல் 7 மி.மீ.-08 வந்தது. .270 இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1925. கிரீட்மூர்தான் கடைக்குட்டி, 2007. நியூயார்க் பக்கம் இருந்த ஒரு பழைய சுடுதளத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

தம்பியின் மனம் கிரீட்மூரில்தான் இருந்தது. அவன் பார்த்த காணொளிகளெல்லாம் அதைத்தான் புகழ்ந்தன. புகழ் பொய்யில்லை. குண்டு நீளமாக, ஒடிசலாக இருப்பதால் காற்றை நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும். தூரத்தில் பக்கக் காற்று அதை அதிகம் தள்ளாது. தோளில் இடியும் குறைவு. ஆனால் கடமானுக்கு விக்டோரியாவில் அப்போது நெடுங்காலமாக இருந்த விதி, குறைந்தது .270 அளவு, குண்டு 130 கிரெயின் எடை, அதாவது எட்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. கிரீட்மூரின் குண்டு 6.7 மி.மீ. விதி கேட்டது 6.85. ஒரு தலைமுடி வித்தியாசத்தில் அவனுடைய கனவுத் தோட்டா தோற்றுப்போனது. .243-க்கும் அதே கதிதான். சின்ன மான் இனங்களுக்கு மட்டும்தான் அதை அனுமதித்தார்கள். இம்மாதிரி விதிகள் அவ்வப்போது மாறும். கடைக்குப் போகும் முன் அன்றைய விதியை எடுத்துப் படி என்பதுதான் நான் அவனுக்குச் சொன்ன முதல் யோசனை.

"என்னண்ணே இது, அரை மில்லிமீட்டர்கூட இல்லை!" என்று நொந்துகொண்டான். விதியின் நியாயம் எனக்குப் புரிந்தது. பெரிய ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். தடித்த தோல், அகன்ற தோள் எலும்பு. நெஞ்சறைக்குள் போய்ச் சேராத குண்டு மானைக் கொல்லாது, ஓடவிடும். பிறகு அது எங்கேயோ போய்ச் சாகும்.

மிச்சம் மூன்று. .270 நல்ல வேட்டைத் தோட்டாதான், ஆனால் குறி சுடும் கழகங்களில் அதைக் காண்பது அரிது. 7 மி.மீ.-08-ஐ எனக்குப் பிடித்திருந்தது. .308-ஐவிட மென்மையாக உதைக்கும், மானுக்குப் போதும். கடைகளில் .308-க்கு இருக்கும் அளவு வகை அதற்குக் கிடைப்பதில்லை. .308-க்கு இன்னொரு சாதகமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நெடுந்தூரம் சுடும் கழகங்களின் 'டார்கெட் ரைஃபிள்' பிரிவில் இடம் இரண்டே தோட்டாக்களுக்குத்தான்: .223, .308. காமன்வெல்த் போட்டிகளில் 2018 வரை இருந்த, 1,000 கெஜம் வரை சுடும் ஃபுல்போர் பிரிவும் இந்த மரபில் வந்ததே. 1998-இல் நம் நாட்டில் அந்தப் போட்டிகள் நடந்தபோது துப்பாக்கி சுடுதலுக்காக லங்காவியில் தளம் கட்டினார்கள். ஆகவே .308 வைத்திருப்பவனுக்குக் கழகத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும். குழாயும் சீக்கிரம் தேயாது. வாராவாரம் சுடுகிறவனுக்கு அது காசு.

ஒரே ரைஃபிள் இரண்டு வேலை செய்யுமா என்ற கேள்விக்கு விடை, குண்டை மாற்றுவதில் இருக்கிறது. அட்டையில் சுடும் குண்டு நேராகப் பறப்பதற்காகச் செய்தது. வேட்டைக் குண்டு உடம்பில் பட்டதும் காளான்போல் விரிந்து உள்ளே வேலையை முடிப்பதற்காகச் செய்தது. முதலாவதை மானுக்குப் பயன்படுத்தினால் ஊசி குத்தியதுபோல் துளைத்துக்கொண்டு போய்விடலாம்; எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. இரண்டாவதை அட்டையில் சுட்டால் பணம் விரயம். குண்டை மாற்றினால் குறியும் சற்று நகரும். அதனால் வேட்டைக்குப் போகும் முன் அந்தக் குண்டைப் போட்டுச் சுட்டுப் பார்த்துத் தொலைநோக்கியைச் சரிசெய்ய வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது.

இந்த இரண்டு வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. அது தோட்டாவைப் பற்றியதே இல்லை. சுடுகிறவனின் தோளைப் பற்றியது. இடி வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரியும். விசையை அழுத்தும் கண்ணிமைப் பொழுதில் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழாய் கீழே சரியும். சுட்டவனுக்கு இது தெரியவே தெரியாது. வெடிச் சத்தத்தில் மறைந்துவிடும். கண்டுபிடிக்கக் கழகங்களில் எளிய வழி வைத்திருக்கிறார்கள். நண்பன் ஒருவன் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் சொல்லாமல் கலந்து வைப்பான். அது வரும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும். துப்பாக்கியோ ஆளின் கையில் குதிக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். முதல் நாள் தம்பியின் ரைஃபிள் மீன் மாதிரி துள்ளியதாக அவனே சொன்னான்.

எங்கள் தாத்தா இதைப் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார். அவசரகாலம் அறிவித்த 1948-க்குப் பிறகு தோட்டக் காவலுக்கு எடுத்த சிறப்புக் காவலர்களில் அவர் ஒருவர், 'எஸ்.சி.' என்பார்கள். கையில் .303 கொடுத்தார்கள். பயிற்சி நாளன்று தோள் கன்றிப்போய், பாட்டி ஒத்தடம் கொடுப்பாராம். அதே தோட்டாவைப் போட்டு, காட்டுப் போருக்கென்று குட்டையாகச் செய்த 'ஜங்கிள் கார்பைன்' ஒன்று மலாயாவில் பட்டாளத்தார் கையில் இருந்தது. மற்றது நான்கு கிலோவுக்கு மேல், இது மூன்றேகால் கிலோ. தூக்க இலேசு, சுட்டால் இன்னும் கடுமையான உதை. துப்பாக்கி எடை குறையக் குறையத் தோளுக்குப் போகும் பங்கு கூடும். அதனால்தான் தம்பியிடம், கடையில் இருப்பதிலேயே இலேசானதை வாங்காதே என்றேன். தொலைநோக்கியோடு நான்கு கிலோ இருக்கட்டும். மலையேறும்போது திட்டுவாய், சுடும்போது நன்றி சொல்வாய் என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். பெரியதை வாங்கும் முன் ஒரு வருடம் சின்னத் தோட்டாவான .22-இல் சுடு. இடி கிடையாது, விலையும் குறைவு. கை கெட்டுப்போகாது. இதை அவன் கேட்பான் என்று நான் நினைக்கவில்லை. கேட்டான். பாதிக் காரணம் நான், பாதிக் காரணம் கொள்ளைநோய் ஊரடங்கு. 2020-இல் மெல்பர்ன் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வீட்டில் உட்கார்ந்து, வெறும் துப்பாக்கியைச் சுவரில் ஒட்டிய புள்ளிக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்திக்கொண்டே இருந்தானாம். மனைவி என்ன சொன்னாள் என்பதை எழுத எனக்கு அனுமதியில்லை.

கடைசியில் .308 வாங்கினான். கடமான் அங்கே அடர்ந்த பள்ளத்தாக்குகளில் ஒளிந்து நிற்கும். கண்ணில் படும்போது பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள்தான். அந்தத் தூரத்துக்கு அவன் கனவு கண்ட கிரீட்மூரும் இதுவும் ஒன்றுதான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் பட வேண்டும். பக்கவாட்டில் நின்றால் சுடுவது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டான். விட்டுவிட்ட நாட்கள்தான் அதிகம்.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளில் தோட்டத்துக்கு உரிமத்தோடு ஒரு மடக்குத் துப்பாக்கி இருந்தது, செனாபாங் பாத்தா. பன்றி விரட்ட. ஒருநாள் அதிகாலை காட்டோரம் கடமான் ஒன்று நின்றது. பெரியப்பா சுட்டார். ஷாட்கன் தோட்டாவில் ஒரே குண்டு இல்லை, ஈய ரவைகள்; முப்பது, நாற்பது மீட்டருக்குள் என்றால் சேர்ந்து படும், தாண்டினால் சிதறும். மான் நின்றது அறுபது மீட்டருக்கு மேல் இருக்கும் என்று அவரே பின்னால் நடந்து அளந்து சொன்னார். ரத்தம் கொஞ்ச தூரம் தெரிந்தது, லாலாங் புல்லுக்குள் போனதும் தொலைந்துவிட்டது. இருட்டும் வரை தேடினார்கள். மூன்றாம் நாள் ஓடைப் பக்கம் பால்வெட்டப் போன பெண்களுக்கு வாடை வந்து, அதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். வயிற்றில் இரண்டு ரவை. தண்ணீர் தேடி ஓடை வரைக்கும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு பெரியப்பா துப்பாக்கியைத் தொட்டதில்லை. இந்தக் கதையை எங்களுக்கு அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

கல்யாண வீட்டில் சிரிப்பு ஓய்ந்து, பேச்சு நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் போய்விட்ட பிறகு, பெரியப்பா தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அடிபட்டு ஏதாச்சும் ஓடிச்சாடா?"

"ரெண்டு நின்ன இடத்துலயே விழுந்துச்சு பெரியப்பா. ஒண்ணு நாப்பது மீட்டர் ஓடிச்சு."

"போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். பெரணிச் செடிக்குள்ள கெடந்துச்சு. நான் போறப்பவே உயிர் இல்ல."

பெரியப்பா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, மோர் இருந்தால் ஒரு கிளாஸ் கொண்டுவரச் சொன்னார்.