மிதப்பது எது, தாழ்வது எது?



கண்ணுக்கு எல்லா விதைநெல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும். தண்ணீரில் போட்டால் சப்பி மிதக்கும், மணி தாழும். வயலில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், காதில் விழும் கதைகளை மட்டும் ஏன் அப்படியே விதைத்துவிடுகிறோம்?

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடைக் கறியில் கிடந்த கட்டியைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. கட்டியைக் கண்டது பொய்யல்ல. அதற்குக் கொடுத்த பொருள்தான் பொய். அந்தப் பொருள் கோப்பையில் இருக்கவில்லை. நெஞ்சில் முன்பே குடியிருந்த அச்சத்தில் இருந்தது.

நம் நெஞ்சிலும் இப்படிக் கட்டிகள் உண்டு. 1990இன் வன்செயல்களில் இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் வீடு வயல் விட்டு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் மீண்டும் துரத்தியது. நிவாரண வரிசையில் நின்றுநின்று, 'நாங்கள் வாங்குகிற ஆட்கள்' என்றும், 'அடுத்த ஊரான் நம்பத்தகாதவன்' என்றும் பலர் நம்பத் தொடங்கினோம். இவற்றை யார் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம்?

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேயர் 1963இல் அங்கிக்கோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளருக்கு எழுத்தறிவித்தார். எழுத்தோடு, 'நம் வாழ்வு ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்கவும் பழக்கினார். அடுத்த ஆண்டு ஆட்சியைப் பிடித்த இராணுவம் அவரைச் சிறையிலிட்டது. கேள்வி கேட்கும் ஏழையைக் கண்டு அதிகாரம் அஞ்சுகிறது.

'காணி இழந்தவனுக்கு மனவளர்ச்சி எதற்கு, காணியைத் தாருங்கள்' என்று சிலர் கேட்பது நியாயமே. காணிக்கு ஈடாக வளர்ச்சியை வைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் 'தலைவிதி' என்று திண்ணையில் இருப்பவரைவிட, பேர்மிற்றைத் தேடியெடுத்து, பிரதேச செயலகத்தில் எழுத்தில் பதில் கேட்பவர் தன் வயலுக்கு ஓரடி அருகில் நிற்கிறார். அந்த ஓரடிதான் ஆள் வளர்ச்சி.

எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதினார். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் பணிக்கிறது. ஆகவே அடுத்த சங்கக் கூட்டத்தில், கேள்விப்படும் ஒவ்வொரு கதைக்கும் மூன்று கேள்விகள் கேட்போம்: யார் கண்டது? யார் சொன்னது? இதனால் யாருக்கு இலாபம்?

சப்பி தானாக மிதக்கும்.