கேட்டால் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டரில் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் பள்ளிக்கூடக் குமாஸ்தா ஒருவரை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாலை ஐந்து மணி. ஜன்னலை மூடப் போகிறார். உடனே திரையின் நடுவில் ஒரு சிறு பெட்டி முளைத்து, "மாற்றங்களைச் சேமிக்கட்டுமா?" என்று கேட்கிறது. ஆம், இல்லை, ரத்து என்று மூன்று பொத்தான்கள். பதில் சொல்லாமல் அந்தப் புரோகிராமில் வேறெதையும் தொட முடியாது. வாசலில் வந்து உட்கார்ந்துவிட்ட கடன்காரரைப் போல் வழியை மறித்து நிற்கிறது.

இந்தச் செய்திப் பெட்டியை வரவழைப்பது பிரம்ம வித்தை அல்ல. 1991-ல் வெளிவந்த விஷுவல் பேஸிக் மொழியில் ஒரே வரியில் முடிகிற காரியம். சிரமமெல்லாம் பதிலை வாங்கிக் கொள்வதில்தான் இருக்கிறது.

விண்டோஸில் பதில் ஓர் எண்ணாக வந்து சேரும். ஆம் என்றால் 6. இல்லை என்றால் 7. ரத்து என்றால் 2. புதிதாகக் கற்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது இதுதான்: "6 வந்தால் சேமித்துவிட்டு மூடு, இல்லாவிட்டால் சேமிக்காமல் மூடு." பார்வைக்கு வெகு நியாயமாய்த் தோன்றுகிறது. ஆனால் நம் குமாஸ்தா, "ஐயோ, இன்னும் இரண்டு பேர் மார்க் பாக்கி!" என்று பதறி எஸ்கேப் விசையைத் தட்டுகிறார். அப்போது வருவது 2. மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினாலும் 2-தான். 2 என்பது 6 அல்லவே! மத்தியானம் முழுவதும் செய்த வேலை க்ஷணத்தில் மறைகிறது. 2 வந்தால் ஜன்னலை மூடாமலே இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தால் இந்த விபரீதம் இல்லை.

பைதான் மொழியிலும் இதே பள்ளம் உண்டு. அங்கே டிகின்டரின் மூன்று பொத்தான் பெட்டி, இல்லை என்பதற்கு 'பொய்' என்றும், ரத்து என்பதற்கு 'ஒன்றுமில்லை' என்றும் விடை தரும். அவசரமாக எழுதிய நிபந்தனைக்கு இரண்டும் ஒன்றாகவே படும். வேண்டாம் என்பவரும், சற்றுப் பொறு என்பவரும் ஒருவரா?

என்டர் விசையின் சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். அதைத் தட்டினால், சாதாரணமாக, முதற்பொத்தான் அழுந்தும். "அழித்துவிடட்டுமா?" என்ற கேள்வியில் முதற்பொத்தான் ஆம்! பெட்டிக்குக் கொடுக்கும் எண்ணோடு 256-ஐக் கூட்டினால் இரண்டாம் பொத்தான் முன்னிற்கும். இவ்வளவு சுலபமான பாதுகாப்பைச் செய்யாமல் விடுவதற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

தொட்டதற்கெல்லாம் பெட்டி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாளைக்கு நாற்பது முறை கேட்டால் நாற்பத்தோராவது கேள்வியை யார் படிக்கப் போகிறார்கள்? கை தானாக ஆம் என்று அழுத்திவிடும். 2012-ல் வந்த விண்டோஸ் 8, கோப்பைக் குப்பைத் தொட்டியில் போடுமுன் கேட்கும் வழக்கத்தையே இயல்பாக நிறுத்திவிட்டது. தொட்டியிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாமே!