பள்ளிக்கு மார்க்கு, முதலாளிக்கு லாபம்!

துபாயில் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பள்ளிக்கூடங்களுக்கும் மார்க்குப் போட்டார்கள். 2008 முதல் சர்க்கார் இன்ஸ்பெக்டர்கள் தனியார் பள்ளிகளுக்குள் நுழைந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்தார்கள். பின்னாளில் "மிகச் சிறப்பு" தொடங்கி "மிகவும் பலவீனம்" வரை ஆறு படிகள் வந்தன. எடை போட்ட அம்சங்களில் போதனை ஒன்று. தலைமையும் நிர்வாகமும் இன்னொன்று. அறிக்கையை ஒளிக்கவும் இல்லை, பகிரங்கமாகவே வெளியிட்டார்கள்.

நல்ல காரியம்தானே என்பீர்கள். நாமும் இல்லையென்று சொல்லவில்லை. நிர்வாகம் அச்சடித்துக் கொடுக்கும் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைவிட இது எவ்வளவோ மேல். சென்னையிலும் கோவையிலும் 'இண்டர்நேஷனல்' என்று போர்டு மாட்டிய பள்ளிகளைப் பற்றி இப்படி ஒரு அறிக்கை பெற்றோர் கையில் கிடைக்கிறதா?

ஆனால் மார்க்குப் போட்ட பிறகு நடந்தது என்ன? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மார்க்கையும் கட்டணத்தையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். 2016-17ஆம் வருஷக் கணக்கைப் பாருங்கள். பள்ளி நடத்தும் செலவு 3.21 சதவிகிதம் ஏறியதாகக் கணக்கிட்டார்கள். சாதாரணப் பள்ளி அந்த அளவுக்குத்தான் கட்டணத்தை ஏற்றலாம். "மிகச் சிறப்பு" வாங்கிய பள்ளியோ அதைப்போல் இரண்டு மடங்கு, 6.42 சதவிகிதம் ஏற்றலாம்! கூடுதலாக வசூலித்த பணத்தில் ஆசிரியருக்கு இத்தனை பங்கு என்று அந்தச் சூத்திரம் சொல்லவில்லை. பாடம் நடத்தி மார்க்கு வாங்கிக் கொடுத்தவர் ஒருவர். பையை நிரப்பிக்கொண்டவர் வேறொருவர்.

இன்னொரு விஷயம். அறிக்கையில் வருஷத்துக்கு நூற்றுக்கு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்ற எண்ணையும் அச்சிட்டார்கள். ஏன் விலகினார்கள்? என்ன சம்பளம் வாங்கினார்கள்? இவற்றுக்கு அதில் பதில் இல்லை. ஒரு பிள்ளைக்குப் பின்னம் ஏன் புரியவில்லை, இன்னொன்று ஏன் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியர் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆகிறது. அவர் புரிந்துகொண்ட சமயத்தில் பெட்டியைக் கட்டினால், அந்தப் பள்ளியில் போதனை எங்கே இருக்கிறது? சுவரிலா, நீச்சல் குளத்திலா?

எதிர்த்துக் கேட்கலாமே என்றால், ஐக்கிய அரபு நாட்டில் தொழிற்சங்கம் கிடையாது. பள்ளி எடுத்துக்கொடுத்த விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வாசமும் ஆட்டம் காணும். இன்ஸ்பெக்டர் முன்னால் அவர் எந்த வாயால் நிர்வாகத்தின் குறையைச் சொல்வார்?

தலைமை ஆசிரியரின் பாடும் அதுதான். 2024இல் ஜெம்ஸ் என்ற பள்ளி நிறுவனத்தில் புரூக்ஃபீல்ட் தலைமையிலான கூட்டு 200 கோடி டாலர் மூலதனம் போட்டது. கல்வித் தொண்டுக்கா? போட்ட பணம் குட்டி போட வேண்டும் என்றுதான்! பணம் போட்டவனுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவரைத் தலைவர் என்பதைவிட மேனேஜர் என்பதே பொருந்தும்.

"பிடிக்காவிட்டால் பெற்றோர் வேறு பள்ளிக்குப் போகட்டுமே" என்று உபதேசிக்கிறார்கள் சில கனவான்கள். பிள்ளை என்ன, கடையில் மாற்றிக்கொள்ளும் சட்டையா? துபாயில் படிக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தனியார் பள்ளியில்தான் இருக்கிறார்கள். ஒரு கட்டணக் கதவை விட்டால் இன்னொரு கட்டணக் கதவு.

நம் நாட்டு நிர்வாகங்கள் மட்டும் சளைத்தவையா? ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று 1988இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அவருக்கு கிராஜுவிட்டி சட்டமும் பொருந்தாது என்றது 2004இல். 2009இல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையைக் கொடுத்தது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் சும்மா இருந்தனவா? திருத்தமே செல்லாது என்று கோர்ட்டுப் படியேறின! 2022 ஆகஸ்டில்தான் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் வாதத்தைத் தள்ளியது. 'தரம், தரம்' என்று கூப்பாடு போடுகிறவர்கள், காலமெல்லாம் உழைத்த ஆசிரியரின் கடைசிக் காசுக்காகப் பதின்மூன்று வருஷம் வழக்காடினார்கள்.

2024-25இல் துபாயிலும் முழுப் பரிசோதனையை நிறுத்தி வைத்தார்கள். ஆகவே பெற்றோரே இன்ஸ்பெக்டர்களாக வேண்டியதுதான். அட்மிஷனுக்குப் போகிறவர்கள் ஏ.சி. அறையைப் பார்த்து மயங்காமல் கேட்கட்டும்: ஐந்து வருஷத்துக்கு மேல் இங்கே இருக்கும் ஆசிரியர் எத்தனை பேர்? கையெழுத்துப் போடும் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் ஒன்றுதானா? நிர்வாகக் கூட்டத்தில் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி உண்டா? தனியாகப் போய்க் கேட்டால் வாட்ச்மேனைக் கூப்பிடுவார்கள். ஐம்பது பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்கட்டும்.