சத்தத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டு

காருக்கு வாய் இல்லை. ஆனாலும் உடம்பு சரியில்லை என்றால் அதற்குச் சொல்லத் தெரியும். எஞ்சினிலிருந்து புதிதாக வரும் சத்தம்தான் அதன் பேச்சு. அதைக் கேட்டதும் பல ஓட்டுநர்கள் என்ன செய்கிறார்கள்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள்! இரண்டு நாளில் தானாகப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. மனிதனுக்கு வரும் ஜலதோஷம் தானாகப் போகலாம். தேய்ந்த பேரிங் தானாக வளராது.

எல்லாச் சத்தமும் ஆபத்து இல்லைதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். பெல்ட்டை இறுக்கினாலோ மாற்றினாலோ முடிந்தது. மேலே, வால்வு பக்கத்தில் 'டிக் டிக்' என்றால் ஆயில் குறைந்திருக்கலாம், இல்லையேல் டேப்பெட் இடைவெளி கூடியிருக்கலாம். மேட்டில் பெரிய கியரில் ஏறும்போது 'கணகண' என்று கேட்டால் அது நாக்கிங். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, தீ பரவி வருவதற்கு முன்பே ஒரு மூலையில் தானாக வெடிப்பதால் வருவது. கியரைக் குறைத்தால் அப்போதைக்கு அடங்கும். ஆனால் பெட்ரோலின் ஆக்டேன், உள்ளே படிந்த கரி, எஞ்சின் சூடு ஆகியவற்றைப் பார்த்தே ஆக வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பயப்பட வேண்டியது, எஞ்சினின் அடியிலிருந்து கனமாக வரும் 'டக் டக்'. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது வேகமாகும். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அதோடு ஆயில் விளக்கும் எரிந்தால் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்த 'டக் டக்' எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றே போதும். 2011, 2012 மாடல் சொனாட்டா கார்களில் சுமார் 4,70,000 கார்களை ஹூண்டாய் நிறுவனம் 2015ல் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது உண்டான உலோகத் துகள்கள் முழுமையாக நீக்கப்படவில்லை. அவை ஆயில் போகும் வழியை அடைத்தால் பேரிங் தேயும், ஓடும் காரே நின்றுவிடும். கார் நிற்பதற்கு முன் வந்த எச்சரிக்கை என்ன தெரியுமா? அதே 'டக் டக்' சத்தம்தான். இந்த எஞ்சின் விவகாரத்தில் 2020ல் ஹூண்டாயும் கியாவும் மொத்தம் 21 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டன. காரில் ஏற்கெனவே இருந்த நாக் சென்சாரே பேரிங் தேய்மானத்தின் அதிர்வைக் கண்டுபிடிக்கும்படி மென்பொருள் மாற்றப்பட்டது. ஓட்டுநர் கேட்கத் தவறலாம் என்று காருக்கே காது கொடுத்தார்கள்!

சத்தத்தைக் கேட்டால் மட்டும் போதுமா? போதாது. அது எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? நின்ற இடத்தில் ரேஸ் செய்தால் வருகிறதா, ஓடும்போது மட்டுமா? ஓடும்போது மட்டும் என்றால் கோளாறு எஞ்சினில் இல்லாமல் சக்கரத்தில்கூட இருக்கலாம். இந்த நாலு விவரத்தைச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்துவிடும். "ஏதோ சத்தம் வருதுண்ணே, பார்த்து விடுங்க" என்றால் அவர்தான் என்ன செய்வார்?

இங்கேதான் முக்கியமான கோளாறு இருக்கிறது. அது காரில் இல்லை, பில்லில். ஒர்க்ஷாப் பில்லில் பொதுவாக இரண்டு கணக்குதான்: பாகத்தின் விலை, மாட்டிய கூலி. ஒரு மணி நேரம் காது வைத்துக் கேட்டு, "ஒரு போல்ட் தளர்ந்திருந்தது, முடுக்கிவிட்டேன்" என்று சொல்லும் மெக்கானிக்குக்கு என்ன கிடைக்கிறது? "முடுக்கினதுக்கா இவ்வளவு காசு?" என்ற கேள்விதான் கிடைக்கிறது. அதே ஆள் தேவையில்லாமல் ஒரு பாகத்தை மாற்றியிருந்தால் பேசாமல் பணம் கொடுத்திருப்பார்கள். எதற்கு விலை உண்டோ அதுதான் சந்தைக்கு வரும். கண்டுபிடிக்கும் அறிவுக்குக் கூலி இல்லை என்றால், கண்டுபிடிக்காமலேயே பாகம் மாற்றும் பழக்கம்தான் வளரும்.

இதனால் அதிகம் அடிபடுபவர் கடனில் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுபவர். ஒரு பாகத்தை மாற்றியும் சத்தம் போகாது. இன்னொன்றை மாற்றுவார்கள். கார் நிற்கும் நாளில் வருமானம் இல்லை, ஆனால் தவணை நிற்காது. பார்த்துச் சொல்வதற்கென்று தனிக்கூலி கொடுப்பது அவருக்குச் செலவு போலத் தெரியலாம். உண்மையில் அது சேமிப்பு. கூலி வாங்கும் மெக்கானிக்கும் கழற்றிய பழைய பாகத்தைக் காட்டி, ஏன் மாற்றினேன் என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும் நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம். புதுச் சத்தம் கேட்டால் முதலில் பாட்டை நிறுத்துங்கள், அடுத்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், பிறகு காது உள்ள மெக்கானிக்கைத் தேடுங்கள். அந்தக் காதுக்கும் ஒரு கூலி கொடுங்கள்!