தகுதிச் சுற்றா, குலுக்கல் சீட்டா?

எல்லாம் ரசிகர்களுக்காகத்தான் என்பது ஃபார்முலா 1 நிர்வாகம் விடாமல் பாடும் பல்லவி. தகுதிச் சுற்றின் விதிகளில் கை வைக்கும் போதெல்லாம் இதே பாட்டுதான். மாற்றம் சொதப்பிவிட்டால் பாட்டு மாறும். ரசிகர்கள் பழமைவாதிகளாம், எதைக் கொடுத்தாலும் குறை சொல்வார்களாம்! இந்த இரண்டாவது பாட்டு சுத்தப் பொய். கடந்த இருபது சொச்சம் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

2002 வரை இருந்த முறை ரொம்ப எளிமை. ஒரு மணி நேரம், ஆளுக்கு 12 லேப், எப்போது வேண்டுமானாலும் போகலாம். 1997-ல் ஹெரேஸில் வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்ஸன் மூவரும் 1 நிமிடம் 21.072 விநாடி என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட மாறாமல் ஒரே நேரத்தைப் பதிவு செய்தது இந்த முறையில்தான். குறை இல்லாமல் இல்லை. முதல் இருபது நிமிடம் பெரிய அணிகள் கொட்டகையை விட்டே வெளியே வராது. டிக்கெட் வாங்கியவன் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்கு 2003-ல் ஒரு மருந்து வந்தது. ஒருவர் பின் ஒருவராக ஒரே ஒரு லேப், அதுவும் பந்தயத்தைத் தொடங்கப் போகும் எரிபொருளோடு! மருந்து நோயைவிட மோசம். யார் வேகமானவர் என்பதையும் யார் டேங்கில் எவ்வளவு ஊற்றினார் என்பதையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். மூலதனச் செலவையும் வருவாய்ச் செலவையும் ஒரே தலைப்பில் எழுதினால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? ஓடும் வரிசையைத் தீர்மானிக்க 2004-ல் ஒரு முன்சுற்று வேறு இருந்தது. அந்த வருடம் சில்வர்ஸ்டோனில் மழை வரும் போலிருந்ததால், சீக்கிரம் ஓடி முடித்துவிட வேண்டும் என்று முன்சுற்றில் பலர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்கள். வேகத்துக்கான தேர்வில் மெதுவாகப் போனவனுக்கு லாபம்!

2005-ல் சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு காலை ஒன்று என இரண்டு நேரங்களைக் கூட்டிப் பார்த்தார்கள். ஆறு பந்தயத்தோடு அதற்கு மூடுவிழா. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் தன் முதல் பந்தயத்துக்கு மெல்போர்னில் 12-வது இடம் பிடித்தது இந்த முறையில்தான். நம்மூர்க்காரருக்குப் பெருமைதான். ஆனால் அன்று சனிக்கிழமை சுற்றின் நடுவே மழை புகுந்து வரிசையைக் கலைத்ததும் உண்மை. நம்மவருக்கு லாபம் என்பதற்காக ஒரு முறை நல்ல முறையாகிவிடாது.

இப்போது பழமைவாதிக் கதைக்கு வருவோம். 2006-ல் மூன்று கட்ட நாக்-அவுட் வந்தது. மெதுவான கார்கள் கட்டம் கட்டமாகக் கழிய, கடைசியில் 10 பேர் மோதுவார்கள். இது சின்ன மாற்றமா? தலைகீழ் மாற்றம்! ஆனாலும் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முகம் சுளித்தது ஒரே விஷயத்துக்கு: கடைசிக் கட்டத்தில் எரிபொருளை எரிப்பதற்காகவே கார்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. 2008-ல் விதியைத் திருத்தியதும் அந்தக் கூத்து ஒழிந்தது, 2010-ல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதும் தடை செய்யப்பட்டது. மாற்றம் என்றாலே ரசிகனுக்கு அலர்ஜி என்றால் இந்த முறை எப்படி நிலைத்தது?

நன்றாக ஓடிய அந்த வண்டியைத்தான் 2016-ல் பிரித்துப் போட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சில நிமிடம் கழித்து, 90 விநாடிக்கு ஒருவர் வெளியேற வேண்டும். மெர்சிடீஸ் எப்போதும் முன்னால் நிற்பதால் வரிசையைக் கொஞ்சம் குலுக்கிப் பார்க்கும் ஆசை. மெல்போர்னில் ஒரு லேப்புக்கே சுமார் 85 விநாடி ஆகும். கொட்டகையிலிருந்து கிளம்பி, டயரைச் சூடாக்கி, ஒரு வேகமான லேப் முடிக்க 90 விநாடி எப்படிப் போதும்? இந்தக் கணக்குக்குப் பட்டம் தேவையில்லை, பத்தாம் வகுப்பு போதும். ஆகவே எல்லோரும் ஆரம்பத்திலேயே ஓடிவிட்டு டயரை மிச்சம் பிடித்து ஒதுங்கிவிட்டார்கள். உச்சகட்டமாக இருக்க வேண்டிய கடைசி சில நிமிடங்களில் தடத்தில் ஒரு கார் கூட இல்லை. மறுநாளே அணிகள் வேண்டாம் என்றன. அப்படியும் பஹ்ரைனில் அதே முறை, அதே காலித் தடம். சீனாவில்தான் பழைய முறை திரும்பியது. முதல் நாளே ரசிகன் சொன்னதைக் கேட்க இரண்டு பந்தயங்கள் வீண்!

2021-ல் அடுத்த கூத்து. சில்வர்ஸ்டோனில் வெள்ளிக்கிழமை வேகமான லேப் ஓட்டியவர் ஹாமில்டன். சனிக்கிழமை 100 கிலோமீட்டர் ஸ்பிரிண்ட்டில் ஜெயித்தவர் வெர்ஸ்டாப்பன். போல் பொசிஷன் வெர்ஸ்டாப்பன் கணக்கில் போனது. போல் என்பது மிக வேகமான ஒரு லேப்புக்கான மரியாதை, அதை எப்படி வேறு ஒருவருக்கு எழுதலாம் என்று ரசிகர்கள் கேட்டார்கள். 2022-ல் வெள்ளிக்கிழமை வேகமானவருக்கே போல் என்று திருத்தினார்கள். 2023-ல் ஸ்பிரிண்ட்டுக்கும் ஞாயிறு வரிசைக்கும் இருந்த தொடர்பையே அறுத்துவிட்டார்கள். மறுபடியும் ரசிகன் சொன்னதுதான் நடந்தது.

வரிசை கலைந்தால்தான் பந்தயம் சூடு பிடிக்கும் என்பவர்களும் உண்டு. அவர்கள் கையில் ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. 2005 சுசூகாவில் தகுதிச் சுற்றில் மழை குறுக்கிட, ரைக்கோனன் 17-வது இடத்தில் தொடங்கி, கடைசி லேப்பில் முந்தி ஜெயித்தார். மறக்க முடியாத பந்தயம், மறுப்பே இல்லை. ஆனால் அந்த வரிசையைக் கலைத்தது வானம், கமிட்டி அல்ல. அபூர்வமாக நடந்ததால்தான் அதற்கு மதிப்பு. நோட்டை அச்சடித்துக்கொண்டே போனால் பணத்துக்கு என்ன ஆகும்? வாராவாரம் திட்டம் போட்டு வரிசையைக் கலைத்தால் அதிர்ச்சிக்கும் அதே கதிதான்.

ரசிகர்கள் கேட்பது இரண்டே விஷயம். வேகமானவன் முன்னால் நிற்க வேண்டும், கடைசி நிமிடம் வரை தடத்தில் கார் ஓட வேண்டும். 1997 முறைக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது பாதிதான் இருந்தது. 2003-ல் முதலாவது போனது. 2016-ல் இரண்டாவது போனது. எரிபொருள் தொல்லை ஒழிந்த நாக்-அவுட்டில் இரண்டும் இருக்கின்றன, அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. புதிதாக எதையாவது கொண்டுவரத் தோன்றினால், ஃபார்முலா 2 போன்ற சின்னப் பந்தயங்களில் ஒரு சீசன் ஓட்டிப் பார்க்கட்டும். சோப்புக் கம்பெனிக்காரன் கூட நாலு ஊரில் விற்றுப் பார்த்துவிட்டுத்தான் நாடு முழுக்க இறக்குகிறான். டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவனைச் சோதனை எலியாக்கிவிட்டு, கத்தினால் பழமைவாதி என்று பட்டம் கட்டுவது எந்த ஊர் நியாயம்?