வடக்கத்தித் தொழிலாளரும் நமது சர்வகலாசாலைகளும்

அஸ்ஸாமில் ஸில்காட், ஜார்க்கண்டில் ஜஸீடி, ஹௌராவை அடுத்த ஸந்திராகாச்சி ஆகிய இடங்களிலிருந்து புறப்படும் ரயில் வண்டிகள் வந்து நிற்கும் கடைசி ஸ்டேஷன் தாம்பரம். அவற்றிலிருந்து இறங்குவோரிற் பலர், பல்லாவரம் தொடங்கிச் சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம் வரையில் எழும்பும் மாடிக் கட்டடங்களிலும், ஹோட்டல்களிலும், தொழிற்சாலைகளிலும் வேலைக்கமர்கின்றனர். இவர்களைக் குறித்து நமது ஜனங்கள் பேசும் மாதிரி சில வருஷங்களாக மாறி வருகிறது. பீஹாரி, வங்காளி, அஸ்ஸாமியர், ஒரியர் என்ற வேற்றுமை எதுவும் பாராட்டாமல் எல்லாரையும் 'வடக்கன்' என்ற ஒரே சொல்லில் அடக்கி விடுகிறோம். ஒடிஸா வடக்கே இருக்கிறதா கிழக்கே இருக்கிறதா என்று பூகோளப் படத்தைப் பார்ப்பாரும் இல்லை.

ஒரு சொல்தானே, அதனால் என்ன கெட்டுப் போகிறது என்று வாசகர்களிற் சிலர் கேட்கக் கூடும். 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். பீஹார்த் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான படங்கள் பரவின. தொழிலாளர் பலர் பயந்து ஊருக்குப் புறப்பட்டனர். பீஹார் சர்க்கார் தமது உத்தியோகஸ்தர்களை இங்கு அனுப்பி விசாரிக்க நேர்ந்தது. படங்கள் பொய் என்பது வெளியாயிற்று. ஆனால் அப்பொய்யை அத்தனை பேர் உடனே நம்பினார்களே, அந்த நம்பிக்கைக்கு வேண்டிய மண் பொய்யன்று. அதை இரு தரப்பாரும் சேர்ந்தே பண்படுத்தி வைத்திருந்தனர்.

எல்லை எவ்வாறு ஒரு பெயரை உண்டாக்குகிறது, அப்பெயர் எவ்வாறு ஓர் இனத்தை உண்டாக்குகிறது என்பதை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்ட அறிஞர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் அமெரிக்கர், ஒருவர் தமிழர். இவ்விருவரின் உழைப்பைத் தாம்பரத்துக் கண்கொண்டு பார்ப்பது இச்சமயத்தில் பயன்படும் என்று கருதுகிறோம்.

அமெரிக்கரான ஜூலியன் ஸமோரா 1920-இல் கொலராடோவில், ஸ்பானிய பாஷை பேசும் மெக்ஸிக வம்சத்திற் பிறந்தவர். அவ்வம்சத்தாரிற் பலர் எல்லையைத் தாண்டி வந்தவரல்லர். 1848-இல் யுத்தம் முடிந்து கலிபோர்னியா, நியூ மெக்ஸிகோ முதலிய பிரதேசங்கள் கைமாறியபோது, எல்லைதான் அவர்கள் வீட்டைத் தாண்டிச் சென்றது. 1930-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் அமெரிக்க சர்க்கார் 'மெக்ஸிகன்' என்று ஒரு தனி இனத்தைச் சேர்த்தனர். எதிர்ப்புக் கிளம்பவே, 1940-இல் அதை எடுத்து விட்டு அவர்களை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினர். மூக்கும் நிறமும் மாறவில்லை, பாரம் மட்டுமே மாறிற்று.

1953-இல் சமூக சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஸமோரா, மெக்ஸிக வம்சத்தாரில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல்வராகக் கருதப்படுகிறார். 1959 முதல் 1985 வரை நோட்டர் டேம் சர்வகலாசாலையில் போதித்தார். ரியோ கிராண்டே ஆற்றை நீந்தி வரும் கூலியாட்களை 'நனைந்த முதுகர்' என்று அந்நாட்டார் ஏளனமாக அழைப்பதுண்டு. அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து 1971-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அவர் மாணவர் ஹோர்ஹே புஸ்டமான்டே என்பவர் கூலியாள் வேஷத்தில் ஆற்றைக் கடந்து பிடிபட்டார். பிற்காலத்தில் இவரே டிஹுவானா நகரில் எல்லை ஆராய்ச்சிக்கென்று ஒரு கலாசாலை நிறுவினார். ஸமோராவிடம் நமக்கு மிகவும் பிடித்தது அவருடைய நேர்மை. குறைந்த கூலிக்கு வருபவரால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி கெடுகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. வந்தவர் தம் வம்சத்தார் என்பதற்காகக் கண்ணை மூடிக் கொள்ளவுமில்லை. லாபம் யாருக்குப் போகிறது என்பதையே அவர் கேட்டார். அந்நாட்டுச் சட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். திருட்டுத்தனமாக வந்தவனுக்குப் புகலிடம் கொடுப்பது குற்றம் என்று 1952-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. ஆனால் வேலை கொடுப்பது புகலிடம் கொடுப்பதாகாது என்று உடனே ஒரு விலக்கும் சேர்த்துக் கொண்டது! வேலை கொடுத்தவரைத் தண்டிக்கும் சட்டம் 1986-இல்தான் வந்தது. சட்டம் படித்த நமக்கு, சில விலக்குகள் யாருடைய மேஜையில் எழுதப்படுகின்றன என்பதை ஊகிப்பது கஷ்டமன்று.

நிற்க. நமக்கு இன்னும் நெருங்கியது மற்றவருடைய வரலாறு. மானிட சாஸ்திரியான வாலண்டைன் டேனியல் இலங்கையிற் பிறந்தவர். அவர் தந்தை இந்தியத் தமிழர், தாய் இலங்கைத் தமிழர். 1911 முதல் இலங்கை ஜனக் கணக்கு இவ்விரு சாராரையும் தனித்தனி இனமாக எண்ணி வந்தது. அக்கணக்கின்படி அவர் வீட்டிலேயே இரண்டு இனங்கள் குடியிருந்தன என்று ஆகிறது! சிகாகோவிற் பயின்ற அவர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமமொன்றில் தங்கி ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட நூலில், 'ஊர்' என்ற நமது சொல்லை எடுத்துக் கொண்டார். தமிழன் ஊர் என்னும்போது சர்வே கல்லைக் குறிப்பதில்லை. பேசுபவன் நிற்கும் இடத்தையும் கேட்பவனையும் பொறுத்து அது விரியும், சுருங்கும். ஊரின் மண் குடியிருப்பவன் உடம்பிலும் குணத்திலும் கலக்கிறது என்பது அக்கிராமத்தாரின் நம்பிக்கை. எல்லைக் கோட்டால் அளக்கப்படும் தேசம் வேறு, ஊர் வேறு என்பதை அவர் தெளிவாக எடுத்துக் காட்டினார்.

1983-இல் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பெண்களின் பாடல்களைச் சேகரிக்க அவர் இலங்கை சென்றார். ஜூலை மாதத்துப் படுகொலைகளின் சூடு ஆறுமுன் போய்ச் சேர்ந்தார். ஜனங்கள் சொல்ல விரும்பியது பாட்டை அன்று. அவர் தாம் எண்ணிச் சென்ற காரியத்தை விட்டு, அவர்கள் சொன்னதைக் கேட்டார். 1996-இல் வெளிவந்த நூல் அதன் பயன். பின்னர் கொலம்பியா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்து, 'கூலி' என்ற மனிதனைப் பற்றியே எழுதினார்.

அத்தோட்டத் தமிழர் பட்டதை நாம் மறக்கலாகாது. கங்காணியின் பின்னே மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்து சென்று காபியும் தேயிலையும் பயிரிட்ட அவர்களைச் சிங்களவர் 'கள்ளத்தோணி' என்றனர். யாழ்ப்பாணத்துத் தமிழரிலும் சிலர் 'தோட்டக்காட்டான்' என்றனர். 1947-ஆம் வருஷத் தேர்தலில் அவர்கள் ஏழு பிரதிநிதிகளை அனுப்பியதோடு, வேறு சில தொகுதிகளிலும் யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானித்தனர். அந்த வோட்டைக் கண்டு கிளம்பிய பயமே 1948-ஆம் வருஷப் பிரஜா உரிமைச் சட்டத்திற்கும், வோட்டைப் பறித்த 1949-ஆம் வருஷச் சட்டத்திற்கும் ஒரு பெருங் காரணம். 1964-இல் இரு சர்க்காரும் உடன்படிக்கை செய்து 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று பங்கிட்டனர். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து வருஷங் கழித்துச் சரிபாதியாக்கினர். பாட்டன் பிறந்த மண்ணுக்குத் திரும்பியவர்களுக்கு நீலகிரியில் நாம் வைத்த பெயர் 'சிலோன்காரர்'.

இப்போது தென் சென்னைப் புறநகரைப் பார்ப்போம். வடக்கத்தியாருக்கு இங்கே வோட்டு வந்துவிடும், அதனால் தமிழரின் அரசியல் கெட்டுவிடும் என்ற பேச்சு பலமாகக் கேட்கிறது. இது 1948-இல் கொழும்பில் கேட்ட பேச்சு. வித்தியாசம் ஒன்றுண்டு, அது தொழிலாளருக்குச் சாதகமானது: இங்கே அவர்கள் அயல் தேசத்தாரல்லர். இந்தியாவில் எங்கும் செல்லவும், எங்கும் வசிக்கவும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது விதி உரிமை அளித்திருக்கிறது. 1950-ஆம் வருஷப் பிரஜா பிரதிநிதித்துவச் சட்டமோ, ஒருவர் சாதாரணமாக எங்கு வசிக்கிறாரோ அங்கே பெயர் பதிந்து கொள்ளலாம் என்கிறது. ஆறு மாதம் இருந்து போகிறவர் தம் ஊரிலேயே வோட்டளிக்கட்டும். பத்து வருஷமாகப் பெருங்களத்தூரில் குடும்பத்தோடு இருந்து குழந்தையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவரை எந்த நியாயத்தின் பேரில் தடுப்பது?

உள்ளூர்த் தொழிலாளியின் மனக்குறையை நாம் அலட்சியம் செய்யவில்லை. கொத்தனுக்கும் சித்தாளுக்கும் கூலி குறைந்தால் அவர் வயிறு எரிவது நியாயம். ஆனால் எரிச்சல் தவறான இடத்தில் விழுகிறது. 1979-ஆம் வருஷத்துச் சட்டம், காண்டிராக்டர் வெளி மாகாணத்து ஆளைக் கொண்டு வந்தால் உள்ளூர்க் கூலிக்குக் குறைக்கக் கூடாது, படத்தோடு கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும், இடம் பெயர்வதற்குப் படியும் தர வேண்டும் என்று விதித்தது. அது சரிவர நடந்திருந்தால், மலிவான ஆள் என்பதற்காக யாரையும் கொண்டு வரத் தேவை இருந்திராது. 2020-ஆம் வருஷத் தொகுப்புச் சட்டம் அதை விழுங்கிக் கொண்டது. தாமாகவே வந்து வேலைக்குச் சேர்ந்தவரையும் அது சேர்த்துக் கொண்டது நல்லது. ஐந்து பேர் என்ற வரம்பைப் பத்தாக்கியதும், இடம் பெயர்வுப் படியைக் கைவிட்டதும் நல்லதன்று. 2014-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். ஆந்திரர், ஒரியர், தமிழர் மூவரும் அதில் இருந்தனர். செங்கல் அவர்களில் யார் வடக்கன் என்று பார்த்து விழவில்லை.

சர்க்காருக்கு இவர்களைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. 2015-இல் எடுத்த ஒரு கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 10.67 லட்சம் வெளி மாகாணத் தொழிலாளர் இருந்தனர் என்றும், அன்று தாம்பரத்தை உள்ளடக்கியிருந்த காஞ்சீபுரம் ஜில்லாவிலேயே அதிகம் என்றும் கண்டது. அதற்குப்பின் எத்தனையோ ரயில்கள் வந்து விட்டன. 2011-க்குப்பின் தள்ளிப் போய் 2027-க்கென்று அறிவிக்கப்பட்ட ஜனக் கணக்கு, பிறந்த இடம், தாய் மொழி, வந்த காரணம் ஆகியவற்றைக் கேட்டு எழுத வேண்டும். ஆனால் எண்ணிக்கை ஒரு பங்குதான். மீதிக்குக் கேட்கத் தெரிந்த மனிதர் வேண்டும்.

இது நமது நாட்டுக்குப் புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலையின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இலேயே மாணவரைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் சேகரித்தார். இருபது வருஷங் கழித்து பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மீண்டும் ஆராய வைத்தனர். அம்மாதிரி தாம்பரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் மூன்றையும் எடுத்துக் கொண்டு, இவ்வருஷம் ஒருமுறையும் பத்து வருஷங் கழித்து ஒருமுறையும் வீடு வீடாக ஆராயலாமே! 1937 முதல் தாம்பரத்திலேயே இருந்துவரும் கிறிஸ்தவக் கலாசாலை இதைத் தொடங்குவது பொருத்தம். சென்னைச் சர்வகலாசாலை அதற்கு நிரந்தரமான ஓர் ஆசிரியர் பதவி ஏற்படுத்த வேண்டும். மூன்று மாதத்து அறிக்கைக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பி விடுவதிற் பிரயோஜனமில்லை. ஸமோராவுக்கு ஒரே சர்வகலாசாலையில் இருபத்தாறு வருஷம் கிடைத்தது. ஆராயப் போகும் மாணவருக்கு ஒரியாவும் வங்காளியும் தெரிந்திருக்க வேண்டும். கற்பிக்க ஆசிரியருக்கு நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை. மேடவாக்கத்துக் கட்டட வேலைக் கொட்டகைகளில் மாலை ஆறு மணிக்குமேல் கிடைப்பர்.