திட்டமும் தனியுரிமையும்

நாட்டு நலனுக்கெனத் திட்டம் வகுப்பது அரசாங்கத்தின் கடமை, இதனை மறுப்பாரில்லை. ஆயினும், திட்டத்தின் பெயரால் தொழிலாளியின் கை கட்டப்படுங்கால் அதற்குக் காரணம் கேட்பது குடிமக்களின் கடமையாகும்.

பொற்கொல்லர் பட்ட பாட்டை நினைவுகூர்வோம். 1962ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்து, அந்நியச் செலாவணியைக் காக்கவும் கடத்தலைத் தடுக்கவும் கருதி, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் புதுநகை செய்வது குற்றமாயிற்று. நோக்கம் நல்லதே. ஆனால் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலன்றி வேறறியாத குடும்பங்கள் பலவற்றில் பட்டறை உலையும் அணைந்தது. வீட்டு அடுப்பும் அணைந்தது. 1966இல் அவ்வரம்பு நீங்கிற்று. 1968ஆம் ஆண்டுச் சட்டமோ தனிமனிதர் தங்கக்கட்டி வைத்திருப்பதையே தடுத்தது. கடத்தல் ஓயவில்லை. 1990இல் அச்சட்டமும் நீக்கப்பட்டது. இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவார் யார்?

அப்படியாயின் கட்டுப்பாடே கூடாதா? அவ்வாறு சொல்ல நம்முள் நெசவாளர்க்கு வாயில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிற்று. விசைத்தறியாளரின் உரிமையைக் குறைத்தே அது நமக்கு அரணாயிற்று. ஆகவே, நமக்கு நன்மையா என்று மட்டும் பார்த்து எடைபோடுவது நீதியன்று. கட்டுக்கு உட்படுவோரைக் கலந்து விதித்ததா? கருதிய பயன் விளைந்ததா எனக் காலந்தோறும் ஆராயப்படுகிறதா? பிழைப்பிழந்தோர்க்கு மாற்றுவழி உண்டா? இம்மூன்றும் இல்லாத திட்டம் விலங்கேயாகும்.

சங்கத்திலும் கட்டுப்பாடு உண்டு. அது நாமே கூடி விதித்தது. நாமே கூடி மாற்றத்தக்கது. நாடாள்வோரும் இந்நெறியைக் கைக்கொள்வார்களாக!